இனாம் கைடுக்கு யார் கூலி கொடுப்பது?

உம்ராவோடு இஸ்தான்பூலையும் பார்த்து வரப் புறப்படும் வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கைட் தேவையா?"

நான் முதல்முறை போனபோது அந்தச் செலவை மிச்சம் பிடித்தேன். பள்ளிவாசல் முன்னால் ஸலாம் சொன்ன ஒருவர் இனாமாகவே சுற்றிக் காட்டினார். கடைசியில் ஒரு கம்பளக் கடையில் தேநீர். முகத்துக்கு அஞ்சி வாங்கிய கம்பளத்தின் விலைக்குள் அவருடைய கமிஷனும் இருந்தது, வியாபாரியான எனக்கே ஹோட்டலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

கடைக்கு ஆள் எடுப்பதுபோலவே இதையும் கணக்குப் பாருங்கள். நமக்குத் தெரியாத வேலைக்குத்தான் கூலி. கிராண்ட் பஸாரில் விலை பேச நமக்கே தெரியும். அங்கே கைட் வேண்டாம். சுலைமானியாவில் தொழவும் வேண்டாம். ஆனால் அயா சோபியா 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, 1935இல் நூதனசாலையாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. விடயம் தெரிந்தவர் சொல்லாவிட்டால் நமக்குக் கல்லும் சுவரும்தான் தெரியும். அதற்கும் தொப்காபி அரண்மனைக்கும் அரைநாள் கைட் பிடிப்பது நட்டமல்ல.

துருக்கியில் அரசாங்க அனுமதி பெற்றவரே கைடாக வேலை செய்யலாம். முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். கூலி எவ்வளவு, எத்தனை மணித்தியாலம், கடைகளுக்குப் போவதில்லை என்ற மூன்றையும் புறப்படுமுன் பேசி முடியுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.