தவழும் பிள்ளைக்குச் சோறூட்ட

தலைச்சன் பிள்ளை தவழ ஆரம்பித்ததும், நேற்றுவரை மடியில் சாய்ந்து சாப்பிட்டது இன்று இரண்டு வாயோடு நழுவி ஓடும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூடத்திலேயே தறி போட்டிருக்கும் வீடுகளில் இது பெரும்பாடு. முதல் பிள்ளைக்காரிகளுக்காக எழுதுகிறேன்.

1. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாதே. தவழ்ந்துகொண்டே விழுங்கினால் புரையேறும். சுவரோரம் ஒரு பாய் விரித்து, தினமும் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டு. எழுந்து போனால் கிண்ணத்தை மூடி வை. பசித்தால் வரும்.

2. கரையைத் தனி நாடாவால் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. நெய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் பிள்ளையைப் பெற்றவள்தான். நடுவில் எழுந்து வந்து அவசர அவசரமாக நாலு வாய் திணித்துவிட்டுத் திரும்பினால், அந்த அவசரம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும், வாயை இறுக்கிக்கொள்ளும். அதனால் உன் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசி நேரம் குறித்துக்கொள். அந்த நேரத்தில் உன் இடத்தில் நாத்தனாரோ மாமியாரோ உட்காரட்டும். ஆள் இல்லையென்றால் தறி நிற்கட்டும். புடவை இறங்கினால்தான் கூலி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த அரைமணி பிள்ளையுடையது. கொஞ்ச நாள் இப்படி நடத்திப் பார். அந்த நேரம் வந்தாலே பிள்ளை பாயைப் பார்த்துத் தவழ்ந்து வரும்.

3. தறிக்குழியைப் பலகையால் மறைக்காமல் பிள்ளையைத் தரையில் விடாதே. ஒருமுறை நீயே மண்டியிட்டுத் தரையைப் பார். சரிகைத் துணுக்கு, நூல் முடிச்சு, ஊசி எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். அத்தனையும் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

4. ஆறு மாதத்தில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, ஒன்பது மாதத்தில் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் (சுமார் 125 மில்லி), நாளைக்கு மூன்று நான்கு வேளை என்று வந்தால் போதும். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடு. மூக்கைப் பிடித்துப் பால் ஊற்றுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், பால் நுரையீரலுக்குள் போய்விடும். சோற்றுக்குச் சற்று முன்னால் தாய்ப்பால் கொடுத்தால் சோறு இறங்காது; பிறகு கொடு. இரண்டு வயதுவரை தாய்ப்பாலை நிறுத்தாதே.

5. துருதுருவென்ற கைக்கு வேலை கொடு. மாவில் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்து இட்லி வார்த்தால், அதை விரல் நீளத் துண்டாக்கிக் கையில் தரலாம். வேகவைத்த பூசணி, விரலால் அழுத்தினால் மசிகிற கேரட்டும் அப்படியே. ஒரு வாய் அதுவாகத் தின்னட்டும், அடுத்த வாய் நீ பருப்புச் சாதம் கொடு. பாய் பாழாகும், துடைத்துக்கொள்ளலாம்.

6. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவக்கூட. உப்பும் சர்க்கரையும் தனியாகச் சேர்க்காதே. வரதர் கோயில் குடலை இட்லியில் மிளகும் சுக்கும் இருக்கும், அது பிறகு ஆகட்டும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, சுண்டல் இவை பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. அடைத்துக்கொண்டு இருமினால் இருமவிடு. சத்தமே வராமல் திணறினால், தலை தாழ முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு தட்டு. வெளியே வரவில்லையென்றால் மல்லாத்தி, நடுமார்பில் இரண்டு விரலால் 5 முறை அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இரு. பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதே, இன்னும் உள்ளே போகும்.

7. செல்போனைக் காட்டி ஊட்டாதே. என்ன தின்றோம், வயிறு நிறைந்ததா என்று பிள்ளைக்கே தெரியாமல் போகும்.

8. தவழ ஆரம்பித்ததும் பிள்ளை சற்று மெலிந்தாற்போல் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்காதே. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல். எடை ஏறாமல் நின்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டு. அங்கன்வாடியில் தருகிற சத்துமாவைத் தண்ணியாகக் கரைக்காதே. கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென்று வழியாத பதத்தில் காய்ச்சி, அரைக் கரண்டி நெய் விட்டுக் கொடு.