குதிக்கால் வெடிப்பும் யூரியா கிறீமும்

சோளகம் எழும்பினால் வன்னியில் தோல் வறளத் தொடங்கிவிடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்பவர்களின் கால்கள் சேற்றில் ஊறுகின்றன, பிறகு காற்றில் காய்கின்றன. நாளுக்கு நாள் இப்படியே நடக்கக் குதிக்கால் வெடிக்கிறது. வீட்டில் சொல்லும் வைத்தியம், "தேங்காயெண்ணெய் பூசு, தோல் மெதுவாகும்."

தோலை மெதுவாக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர். 1952இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் இதைக் காட்டினார். காய்ந்து விறைத்த தடித்த தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தும் அவை இளகவில்லை. தண்ணீர் ஏறிய பிறகே வளைந்தன. உள்ளேயிருக்கும் ஈரம் பறந்துவிடாமல் மூடிவைப்பதுதான் எண்ணெயின் வேலை.

அதற்காகத் தேங்காயெண்ணெயைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், வறண்ட தோலுள்ள 34 பேரிடம் அது கனிம எண்ணெய்க்குச் சமமாகவே பயன் தந்தது. பிழை பூசும் நேரத்தில் இருக்கிறது. காய்ந்த காலில் பூசினால் மூடிவைக்க அங்கே ஈரமே இல்லை. கிணற்றடியில் கால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயமுன் பூச வேண்டும்.

நல்ல கிறீம் ஒன்றின் அமைப்பும் இந்தக் கணக்குத்தான். ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரின், மூடிவைக்க வஸ்லின் போன்ற கொழுப்பு, எண்ணெயும் தண்ணீரும் பிரியாதிருக்க ஒரு பால்மமாக்கி. தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமியும் பூஞ்சணமும் வளரும் என்பதால் கெடாமல் காக்கும் பொருளும் தேவை. "கெமிக்கல் சேர்க்காத கிறீம்" என்று தண்ணீர் கலந்த ஒன்றைச் சாடியில் அடைத்து விற்றால், அதை நம்பி வாங்குவதுதான் ஆபத்து.

குதிக்கால் வெடிப்புக்கு யூரியா கிறீம் என்றதும், "வயலுக்கு எறியிற பசளையைக் காலில பூசுறதோ?" என்று தயங்குவோர் உண்டு. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது மூடை மூடையாகத் தேடி அலைந்த அதே யூரியாதான். மூலக்கூறில் வேறுபாடு இல்லை. மனிதத் தோலின் மேற்படையிலும் அது இயல்பாகவே இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கிறீமில் 10 சதவீதம் அளவில் அதே வேலையைச் செய்யும். 20, 40 என்று கூடினால் தடித்த தோலையே இளக்கிவிடும்.

ஆனால் உரமூடை யூரியா தோலுக்கென்று சுத்திகரிக்கப்பட்டதல்ல. அதைக் கரைத்துக் காலில் பூசாதீர்கள்; பார்மசியில் கிறீமாகவே கேட்டு வாங்குங்கள். இரத்தம் கசியும் வெடிப்பில் அது எரியும். நீரிழிவு உள்ளவர்கள் எதையும் பூசமுன் வைத்தியசாலையில் காலைக் காட்டுங்கள்.