அப்பத்தாவின் எலும்பும் ஏலக்காட்டு நிழலும்

தேவாரத்தில் விடியுமுன் தெருவுக்கு வந்தால், ஏலத்தோட்டத்திற்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் காணலாம். மலை கண்ணெதிரே நின்றாலும், கம்பம் மெட்டு வழியாகவோ போடி மெட்டு வழியாகவோ சுற்றித்தான் ஏற வேண்டும். இப்படி முப்பது, நாற்பது ஆண்டுகள் காய் எடுத்த அப்பத்தா ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் முதுகு கூனி, பழைய உயரத்தில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்கியிருக்கக்கூடும். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது எலும்புப்புரை என்னும் நோய்.

எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகைச் செல்கள் அதை அரித்துக்கொண்டே இருக்க, மற்றொரு வகைச் செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. நடு வயதில் அரிப்பது மெல்ல முந்துகிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால், பெண்களுக்கு இது வேகமடைகிறது. அவ்வயதுப் பெண்கள் 150 பேரைச் சோதித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைட்டமின் டி-யும் போதவில்லை!

வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி குறைவா? ஏலச்செடி நிழலில் வளர்வது அல்லவா? மரத்தடியில், தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையுமாக வேலை செய்பவர் தோலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு படும்? காலை, மாலை இளவெயிலிலும் அக்கதிர் மிகக் குறைவு. சாய்ந்து வரும்போது காற்றுமண்டலம் அதை வடிகட்டிவிடுகிறது. இதற்கோர் எளிய அளவுகோல் உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன்படும் நேரம். முற்பகலில் நிழலை அளந்து பார்த்து, அப்பத்தாவைக் கால் மணி நேரம் வாசலில் உட்கார வையுங்கள். முழங்கையும் காலும் வெயிலில் படட்டும். கண்ணாடி ஜன்னலுக்குள் விழும் வெயில் இதற்கு உதவாது.

அடுத்தது கால்சியம். இவ்வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகிலோ சுமார் 350! அதிலுள்ள ஃபைடிக் அமிலம் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். முளைகட்டினால் அது குறையும். பால், மோர், முருங்கைக்கீரையும் நல்லவை. "வெற்றிலையோடு சுண்ணாம்பு தின்கிறேனே" என்று அப்பத்தா வாதிடுவார். சுண்ணாம்பில் கால்சியம் உண்டுதான். ஆனால் கூடவே போகும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைத் தருபவை.

உணவு மட்டும் போதாது. விண்வெளி வீரர்கள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஆயினும் எடையற்ற நிலையில் இடுப்பெலும்பு மாதத்திற்கு 1 சதவீதத்திற்கு மேல் தேய்வதுண்டு. பாரம் தாங்காத எலும்பை உடல் பேணுவதில்லை. ஆகவே அப்பத்தா தினமும் நடக்கட்டும். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். குனிந்து குடம் தூக்குவது மட்டும் இனி உங்கள் வேலை.

எலும்பின் அடர்த்தியை டெக்சா என்னும் கதிர்ப்படம் காட்டும். மருத்துவர் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை தந்தால், காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் கொடுங்கள். பால், டீ கூடாது. அரை மணி நேரம் படுக்கவும் விடாதீர்கள். மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதால்தான். அதன்பின் எழுந்து நடக்காமலே போனவர் பலர். இன்றைக்கே குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். இரவில் அவர் எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.