ஆதன் என்றொரு பெயர்

அன்புள்ள ஆதன்,

உன் பெயருக்கு என்ன பொருள் என்று வகுப்பில் ஆளாளுக்குக் கேட்கிறார்களாமே! அகராதியைப் புரட்டினால் 'உயிர்' என்று ஒரு பொருள் இருக்கும். 'அறிவிலி', 'குருடன்' என்றும் போட்டிருக்கும். அதைப் பார்த்து முகம் வாடாதே. அறிவிலி என்று பொருள்படும் பெயரை எந்தச் சேர மன்னனாவது சூடிக்கொள்வானா? இந்தப் பெயரை அறிய, அகராதியைவிட அதை வைத்திருந்தவர்களைப் பார்ப்பதே நல்ல வழி.

சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் கபிலர் பாடியவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். குமட்டூர்க் கண்ணனார் பாடியவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். இன்றும் சேரலாதன் என்று பெயர் வைக்கிறார்களே, அது சேரல், ஆதன் என்ற இரண்டும் சேர்ந்ததுதான். கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் கல்லிலேயே இருக்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசனானபோது சமணத் துறவி ஒருவருக்குக் குகையில் உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி அது.

ஆனால் இது அரசர்களுக்கு மட்டுமே உரிய பெயரல்ல.

வைகைக் கரையில் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருக்கிறது. 'குவிரன் ஆதன்' என்றும் வாசித்திருக்கிறார்கள். பானையைச் சுட்ட பிறகு, ஆளுக்கொரு கையெழுத்தில் கீறியவை இவை. பொதுமக்களே எழுதியிருக்க வேண்டும் என்று தொல்லியல் துறை கருத இதுவும் ஒரு காரணம். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். அதற்காக எல்லா ஓடுகளும் அதே வயது என்று நண்பர்களிடம் அடித்துவிடாதே!

எனக்கு மிகவும் பிடித்த சான்று இலக்கணத்தில் இருக்கிறது. 'ஆதன்' என்பதோடு 'தந்தை' சேர்ந்தால் 'ஆந்தை' ஆகும். 'பூதன்' என்பதோடு சேர்ந்தால் 'பூந்தை'. தொல்காப்பியம் இதற்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. ஒரு பெயருக்காக நூற்பா எழுத வேண்டுமானால், அது தெருவுக்குத் தெரு புழங்கியிருக்க வேண்டும். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் இரவில் அலறும் பறவையை நினைத்துச் சிரிப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிசிர் என்பது ஊர்; ஆந்தை என்பது ஆதன் தந்தை. மகன் பெயராலேயே அந்தப் புலவர் இன்றுவரை அறியப்படுகிறார். பாரதிதாசனுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த 'பிசிராந்தையார்' நாடகத்தின் தலைப்பிலும் உன் பெயர் ஒளிந்திருக்கிறது.

கீழடி அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள், மதுரைக்குப் பக்கம்தான். அடுத்த விடுமுறையில் அப்பாவை அழைத்துப் போகச் சொல். அதற்குள் தமிழியில் ஆ, த, ன் மூன்றையும் எழுதிப் பழகிவிடு. ஓட்டில் இருப்பதை நீயே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

அன்புடன்,
மாமா