கையெழுத்துப் போடும் முன் குறியீட்டைக் கேளுங்கள்

 

மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், ஆபரேஷன் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், என்ன ஆபரேஷன் என்று கேட்க நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக் குறியீடும் கட்டணமும் உண்டு. அதைக் காட்டித்தான் மருத்துவமனை முன் அனுமதி வாங்குகிறது, பணமும் கோருகிறது. கருப்பையைச் சுத்தம் செய்யும் 'டி அண்ட் சி' வேறு, கருப்பையையே எடுத்துவிடுவது வேறு. துபாயில் வசிக்கும் நம் குடும்பத்தார் பார்க்கும் பில்லில் முதலாவதற்கு 58120 என்றும், வயிற்றைத் திறந்து கருப்பையை எடுப்பதற்கு 58150 என்றும் இருக்கும்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களின் கருப்பை தேவையின்றி அகற்றப்பட்டதாக வழக்கு வந்தது. இதைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 5.4.2023 அன்று உத்தரவிட்டது.

எனவே, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்:

1. சிகிச்சையின் பெயரும் குறியீடும் என்ன? தமிழில் சொல்லுங்கள்.
2. மாத்திரையில் குணமாகாதா?
3. அவசரம் இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் காட்டலாமா?

காப்பீட்டில் அனுமதியான சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

தாளில் இருப்பது புரியாவிட்டால் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உடனிருந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.