பிள்ளைக்குச் செய்யும் உதவி ஊரில் தங்க வேண்டும்

இந்தப் பாடத்தின் நோக்கம்: வறிய, இடம்பெயர்ந்த பிள்ளைகளின் கல்விக்கும் வைத்தியத்துக்கும் வரும் உதவி எப்படி அமைந்தால் நிலைத்து நிற்கும் என்பதை, வன்னி மண்ணின் அனுபவத்திலிருந்து நாமே கற்றுக்கொள்வது. குழுவாகக் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுப் பேசினால் பயன் அதிகம்.

இடம்பெயர்ந்த நாள்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது கமக்காரன் எதைத் தூக்கினான்? விதைநெல்லில் ஒரு மூடை, மண்வெட்டி, தறப்பாள், சமையல் பானை. விதைநெல் இருந்தால் எங்கே போனாலும் அடுத்த காலபோகத்துக்கு ஏதாவது செய்யலாம் என்ற நம்பிக்கை அது. பிள்ளையின் படிப்பும் உடல்நலமும் அதே போன்ற விதைநெல்தான். ஆனால் அதைக் காக்கும் பொறுப்பைப் பல நேரங்களில் வெளியிலிருந்து வருபவர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் போனபோது அதுவும் போய்விட்டது. இது ஏன் நடந்தது, இனி எப்படி நடவாமல் பார்க்கலாம் என்பதே இன்றைய கேள்வி.

1. ஒரு வன்னி அனுபவம்: காந்தியம்

1977 ஓகஸ்ட் மாதத்தில் நடந்த இனக்கலவரத்தின் பின், மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. கையில் காசு இல்லை, காணி இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பலருக்கு நாட்டின் பிரசாவுரிமையும் இல்லை. காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம். காய்ச்சல் கண்டால் வைத்தியர் அதைவிடத் தூரம்.

இவர்களிடையே வேலை செய்தது காந்தியம் என்ற அமைப்பு. கட்டடக் கலைஞரான சொ. அ. டேவிட் அவர்களும், வவுனியாவில் வைத்தியராக இருந்த எஸ். இராஜசுந்தரம் அவர்களும் 1970களின் நடுப்பகுதியில் அதைத் தொடங்கினர். இராஜசுந்தரத்தின் மனைவி சாந்தியும் ஒரு வைத்தியரே. டொலர் பண்ணை, கென்ற் பண்ணை போன்ற இடங்களில் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கூட்டுப் பண்ணைகள் உருவாகின.

பிள்ளைகளுக்காக அவர்கள் செய்தது பெரிய கட்டடம் கட்டும் வேலை அல்ல. கிராமத்துக்குக் கிராமம் பாலர் பாடசாலை தொடங்கினார்கள். ஊரில் ஓரளவு படித்த இளம் பெண்களைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, திரும்பவும் தத்தம் ஊருக்கே ஆசிரியையாக அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். வைத்திய உதவியும் கிராமத்தைத் தேடிப் போனது. 1983 ஆம் ஆண்டளவில் வடக்கு, கிழக்கு எங்கும் ஏறத்தாழ 450 பாலர் பாடசாலைகள் நடந்தன என்று டேவிட் பின்னாளில் கூறியிருக்கிறார்.

1983 ஏப்ரலில் இருவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டனர். அதே ஆண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களுள் இராஜசுந்தரமும் ஒருவர். உயிர் தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து வெளியேறி, நீண்ட காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, முதுமையில் ஊர் திரும்பி, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். 1984 இல் டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. அமைப்பு இல்லாமற் போனது.

2. அதிலிருந்து மூன்று பாடங்கள்

முதலாவது: பசியும் படிப்பும் வேறுவேறு அல்ல. வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு அரிச்சுவடி ஏறாது. பூச்சியும் இரத்தச்சோகையும் உள்ள பிள்ளை வகுப்பில் தூங்கும். அதை நாம் 'மந்தம்' என்று சொல்லிவிடுவோம். கரும்பலகை தெரியாத பிள்ளையை 'கவனமில்லாதவன்' என்போம். ஆகவே படிப்புக்கு உதவி என்றால் முதலில் பிள்ளையின் வயிற்றையும் கண்ணையும் காதையும் பார்ப்பதே உதவி. பால் கொடுத்த இடத்திலேயே பாடமும் சொன்னது இதனால்தான்.

இரண்டாவது: ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெண்ணே ஆசிரியை. வெளியூரிலிருந்து வருபவர் மழைக்கு வராமல் விடலாம், மாற்றம் கேட்டுப் போகலாம். ஊர்ப் பெண் இடம்பெயர்ந்தாலும் அந்த ஊர்ச் சனத்தோடுதான் இடம்பெயர்வாள். மரத்தடியில் தறப்பாளைக் கட்டி மறுநாளே பிள்ளைகளைக் கூட்டி வைக்க அவளால் முடியும். 1990களில் வன்னியின் மரநிழல்களில் வகுப்புகள் நடந்ததும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் பிள்ளைகள் பரீட்சைக்கு ஆயத்தமானதும் கூடவே இடம்பெயர்ந்த ஆசிரியர்களால்தான்.

மூன்றாவது: உதவுபவர் ஒருநாள் போவார். 1983 இல் கைதும் கொலையும் வந்தன. 2008 செப்ரெம்பரில் தொண்டு நிறுவனங்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. போர் முடிந்த பின்னும் திட்டக்காலம் முடிந்ததும் பல அலுவலகங்கள் பூட்டப்பட்டன. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வந்தவர் போவது உலக வழமை. அவர் போன பின் ஊரில் என்ன மிஞ்சியது என்பதுதான் அளவுகோல். கட்டடம் குண்டில் போகலாம். பெயர்ப்பலகை உக்கிப் போகும். பயிற்சி பெற்ற பெண்ணும், ஒன்றைக் கற்றுக்கொண்ட தாயும், கணக்கு எழுதத் தெரிந்த சங்கமும் மிஞ்சும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, போர் நடந்துகொண்டிருந்தபோதே தடுப்பு மருந்து கொடுப்பதற்காகச் சில நாள்கள் சண்டை ஓய்ந்தது. யுனிசெப் இரு தரப்போடும் பேசி அதற்கு ஒழுங்கு செய்தது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். இலங்கையில் கடைசியாக இளம்பிள்ளைவாதம் கண்டது 1993 இல். அதன் பின் அது திரும்பி வரவில்லை. மலேரியாவும் அப்படியே. ஒரு காலத்தில் வன்னியில் அது தொடாத வீடு இல்லை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்து வெளியிலிருந்து வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்தது நம் தாய்மார். இரண்டும் சேர்ந்ததால்தான் வெற்றி.

3. பிள்ளையை இல்லத்தில் விடலாமா?

இது பலரின் மனதை அரிக்கும் கேள்வி. ஒரு தாயை எண்ணிக்கொள்ளுங்கள். கணவன் இல்லை. மூன்று பிள்ளைகள். கூலிக்குக் களை பிடுங்கப் போகிறாள். ஒருவர் வந்து, "அம்மா, மூத்தவளை எங்கட இல்லத்தில விடுங்கோ. சாப்பாடு, படிப்பு, உடுப்பு எல்லாம் நாங்கள் பாப்பம்" என்கிறார். அவள் என்ன செய்வாள்? விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அநாதைகள் என்பதால் அல்ல, வறுமையால் அங்கே போகிறார்கள். வறுமைதான் காரணம் என்றால் மருந்து வறுமைக்கே கொடுக்கப்பட வேண்டும். இல்லத்தில் அந்தப் பிள்ளைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி தாயின் கைக்கு ஒரு பசுவாகவோ தையல் இயந்திரமாகவோ வந்தால், மூன்று பிள்ளைகளும் வீட்டிலேயே படிக்கலாம் அல்லவா?

யாருமே இல்லாத பிள்ளைக்கும், வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைக்கும் நல்ல இல்லம் தேவை. மற்றப் பிள்ளைகளுக்கு அது கடைசி வழியாக இருக்கட்டும். விடத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள்:

அ) இந்த இல்லம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா?
ஆ) நான் நினைத்த வேளையில் பிள்ளையைப் பார்க்கலாமா? விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்புவீர்களா?
இ) சகோதரங்களை ஒன்றாக வைப்பீர்களா?
ஈ) நோய் வந்தால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போவீர்கள்? எனக்கு அறிவிப்பீர்களா?
உ) பிள்ளையின் படத்தை எடுத்து யாருக்கு அனுப்புவீர்கள்?

கடைசிக் கேள்வி சிறியதல்ல. பிள்ளையின் கண்ணீரைக் காட்டிப் பணம் சேர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது. "வேண்டாம்" என்று சொல்லத் தாய்க்கு உரிமை உண்டு. பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

4. நம் கையில் உள்ளவை

பிடியரிசி: இது நம் பழைய வழமை. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டுவைப்பது. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்று வைப்போம். 20 குடும்பங்கள் நாளொன்றுக்கு ஒரு பிடி வைத்தால் ஒரு நாளைக்கு 1 கிலோ, ஒரு மாதத்துக்கு 30 கிலோ. பாலர் பாடசாலையில் 25 பிள்ளைகள். ஒருவருக்கு 40 கிராம் வீதம் கஞ்சி காய்ச்ச ஒரு நாளைக்கு 1 கிலோ போதும். மாதத்தில் 20 பள்ளி நாள்களுக்கு 20 கிலோ. மிச்சம் 10 கிலோ. அதை விற்றால் ஒரு பிள்ளைக்குக் கொப்பியோ, இன்னொரு பிள்ளைக்குக் கிளினிக் போக பஸ் காசோ ஆகும். முருங்கையிலை, வல்லாரை, பயறு, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்ந்தால் அது நல்ல இலைக்கஞ்சி. கணக்கை ஒருவர் எழுத, இன்னொருவர் அரிசியை வைத்திருக்க, மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும்.

கடதாசிக் கட்டு: பிறப்புச் சான்றிதழ், சுகாதாரப் பதிவேடு, பள்ளி விடுகைப் பத்திரம் ஆகிய மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். பிறந்து 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தாலும் காலங்கடந்த பதிவு செய்யலாம். தொலைந்த சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிரசாவுரிமைக் கடதாசி இல்லாமல் நம்மில் பலரின் பெற்றோர் பட்ட பாடு 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை தீரவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் கடதாசி இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 5 முதல் 16 வயதுவரை பள்ளி செல்வது இன்று கட்டாயம். அதிபரையும் கிராம அலுவலரையும் அணுகிக் கேளுங்கள்.

தடுப்பூசி: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி ஒன்பதாம் மாதமும் மூன்றாம் வயதும் போடப்படுகிறது. இரண்டாவதைத்தான் நாம் மறக்கிறோம். இல்லாமற் போய்விட்டது என்று 2019 இல் அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023 இல் நாட்டில் மீண்டும் பரவியது.

வயிற்றோட்டம்: பிள்ளையைக் கொல்வது நீரிழப்பு. 'ஜீவனி' பைக்கற் கிடைத்தால் அதையே கரைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால், கொதித்தாறிய நீர் 1 லீற்றர், மட்டமான தேக்கரண்டியால் சீனி 6, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்புக் கூடக் கூடாது. ஒவ்வொரு முறை போன பின்னும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு.

அறுவடைக் காலம்: தை, மாசியில் தாய் வயலுக்குப் போக, மூத்த பெண் பிள்ளை கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நிற்பாள். ஒரு மாதம் நின்றால் கணக்குப் பாடம் விட்டுப் போகும். அதன் பின் வெட்கத்தால் பள்ளிக்கே போகமாட்டாள். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு ஆச்சியிடம் குழந்தைகளை விட்டு, ஆச்சிக்கு நெல்லாகக் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

5. முடிவாக

காந்தியம் இல்லாமற் போனது. ஆனால் அங்கே அகரம் எழுதப் பழகிய பிள்ளைகள் இன்று தாய்மாராக, தகப்பன்மாராக, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்களாக இருக்கிறார்கள். அமைப்பைப் பூட்டலாம், கற்றதைப் பூட்ட முடியாது. ஆகவே உதவி வந்தால் நன்றியோடு வாங்குவோம். வாங்கும்போதே, "நீங்கள் போன பிறகு இதை நாங்கள் எப்படி நடத்துவது? அதை இப்பவே எங்களுக்குப் பழக்குங்கோ" என்று கேட்போம்.

கலந்துரையாடலுக்கு:

1. கடந்த இருபது ஆண்டுகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்த உதவிகள் எவை? அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது எது? ஏன்?
2. நம் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் காரணம் பசியா, நோயா, கடதாசியா, வேலையா?
3. இல்லங்களில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் யாரையாவது வீட்டுக்கு அழைக்க முடியுமா? அதற்குத் தாய்க்கு என்ன வேண்டும்? அதில் ஊர் கொடுக்கக்கூடியது எவ்வளவு?
4. பிடியரிசியை எந்த நாளில் தொடங்குவது? கணக்கு யாரிடம்?

நான்காவது கேள்விக்கு விடை காணாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம்.