சர்க்கரைக் கணக்கில் தேனும் உண்டு

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரங்கள் துளிர்விடும் மாசி, பங்குனியில்தான் எங்களுக்குத் தேன் எடுப்பு. இளம் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்புநீரை உறிஞ்சி வந்து தேனீக்கள் பெட்டியை நிறைக்கும். அந்தத் தேனை விற்பவன் நான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவனும் நான். அதனால் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்: "அண்ணாச்சி, சுத்தமான தேன்னா சுகர் ஏறாதுல்லா?"

ஏறும் என்றுதான் சொல்கிறேன்.

சொட்டுக் கலப்படம் இல்லாத தேனிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டித் தேனில் 6 கிராம் போகும். எங்கள் ரப்பர் தேன் சீக்கிரம் உறைவதே அதில் குளுக்கோஸ் அதிகம் என்பதால்தான். சுத்தம் என்பது தேனின் தரம். நம் ரத்தத்துக்கு அது விலக்கு தராது.

தேன் சர்க்கரையைக் குறைக்கும் என்று 2022இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் தொகுத்த ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள். ஈரானில் 2ஆம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் தேன் கொடுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் எடையும் கொழுப்பும் குறைந்தன, ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கூடியது. எனக்குப் பொருந்துவது இரண்டாவதுதான்.

நான் தேனை விட்டுவிடவில்லை. கருப்பட்டி போட வேண்டிய கடுங்காப்பியில் அதற்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி, அவ்வளவே. சித்த மருத்துவர் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னால் அந்தத் தேனும் அன்றைய கணக்கில் சேரும். காப்பி குடிப்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் கருவி சொல்லும், என் அனுபவம் சொல்லாது.

தேன் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்துக் கை நடுங்கும்போது ஒரு மேசைக்கரண்டித் தேன் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், புரையேறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தேன் பிசின், அதாவது புரோபோலிஸ், இப்போது குளிகையாக விற்கிறது. எங்கள் பெட்டியிலுள்ள இந்தியத் தேனீ அதைச் சேர்ப்பதில்லை. கொசுத்தேனீயும் இத்தாலியத் தேனீயும் மரப்பிசினிலிருந்து சேர்க்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் மரத்துக்கு மரம் பிசின் மாறுவதால் அளவு சொல்ல முடியாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் பிசின், மகரந்தம், ராயல் ஜெல்லி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

காலில் புண் வந்தால் சமையலறைத் தேனைத் தடவுவதும் வேண்டாம். மருத்துவமனையில் கட்டுக்குப் பயன்படுத்துவது கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன். நம் போத்தலில் இருப்பது அப்படிப்பட்டதல்ல. சர்க்கரைக்காரரின் கால் புண்ணை அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.